கல்லீரலையும் வயிற்று உறுப்புகளையும் பாதிக்கும் சார்காய்டோசிஸ்: அறிகுறிகள், சிக்கல்கள், சிகிச்சை

அறிமுகம்

சார்காய்டோசிஸ் என்பது, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆங்காங்கே திரண்டு, கிரானுலோமா எனப்படும் நுண்ணிய கட்டிகளைப் பல உறுப்புகளில் உருவாக்கும் நோயாகும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோரிடம் நுரையீரலும் மார்பிலுள்ள நிணநீர்க் கணுக்களும் பாதிக்கப்படுவதால், இது நெஞ்சக நோயாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஆயினும் தோல், கண், இதயம், நரம்பு மண்டலம், சிறுநீரகம் ஆகியவற்றுடன் கல்லீரல், மண்ணீரல், இரைப்பை போன்ற வயிற்று உறுப்புகளும் பாதிப்புக்கு உள்ளாகலாம்.

சார்காய்டோசிஸ் நோயாளிகளின் கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் ஆராயும்போது, பாதிக்கும் மேற்பட்டோரிடம் கிரானுலோமாக்கள் காணப்படுகின்றன. ஆனால் அவர்களுள் சிறு பகுதியினருக்கே கல்லீரல் தொடர்பான தொல்லைகள் தோன்றுகின்றன. எனவே, கல்லீரலில் சார்காய்டோசிஸ் உள்ளது என்று மருத்துவர் கூறியவுடன் அச்சம் கொள்ளத் தேவையில்லை. அதே வேளையில், அறிகுறி இல்லை என்பதாலேயே பாதிப்பு இல்லை என்று கருதித் தொடர் பரிசோதனைகளைக் கைவிடுவதும் தவறு. சிலரிடம் இந்நோய் பல ஆண்டுகள் ஓசையின்றி முன்னேறி, இரத்த வாந்தி போன்ற ஆபத்தான நிலையிலேயே முதன்முறையாக வெளிப்படக்கூடும்.

இது தொற்றுநோய் அன்று. தொடுவதாலோ, உணவைப் பகிர்வதாலோ, உடன் வாழ்வதாலோ பிறருக்குப் பரவாது. இது புற்றுநோயும் அன்று.

பெயர்க் காரணம்

1877-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன், தோலில் தோன்றும் ஒருவகைத் தடிப்புகளாக இந்நோயை விவரித்தார். 1899-இல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் பெக், அத்தடிப்புகளின் திசு அமைப்பு சார்கோமா எனும் புற்றுக்கட்டியை ஒத்திருந்ததால் அதனை ஒட்டிய பெயரை வழங்கினார். ஊறு செய்யாத கட்டி என்று அவர் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தும், பெயரில் உள்ள ஒற்றுமையால் இதனைப் புற்றுநோய் என எண்ணி அஞ்சுவோர் இன்றும் உள்ளனர்.

காரணங்கள்

சார்காய்டோசிஸ் தோன்றுவதற்கான ஒரு தனிக் காரணம் இதுவரை கண்டறியப்படவில்லை. மரபுவழியாக ஏதுவான உடல்நிலை கொண்ட ஒருவர், சுற்றுச்சூழலிலுள்ள ஏதேனும் ஒரு தூண்டுபொருளை எதிர்கொள்ளும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறிச் செயற்படுவதே அடிப்படை என்று கருதப்படுகிறது. தூண்டுபொருள் அகன்ற பின்னரும் அணுக்கள் கலையாமல் திரண்டு நிற்பதால் கிரானுலோமா உருவாகிறது. பெரும்பாலோரிடம் இவை தாமாகவே மறைந்துவிடுகின்றன. சிலரிடம் நீடித்து, சுற்றியுள்ள திசுவில் தழும்பை ஏற்படுத்துகின்றன. மது அருந்துவதால் இந்நோய் உண்டாவதில்லை. ஆயினும் ஏற்கெனவே பாதிப்புற்ற கல்லீரலுக்கு மது மேலும் கேடு விளைவிக்கும்.

கல்லீரலில் நிகழ்வது என்ன?

குடல், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெரிய சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. கல்லீரலுக்குள் இச்சிரை நுண்ணிய கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகளை ஒட்டியே, கல்லீரலில் சுரக்கும் பித்தநீரை வெளிக்கொணரும் நுண் பித்தநாளங்களும் அமைந்துள்ளன. சார்காய்டோசிஸ் கிரானுலோமாக்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே தோன்றுகின்றன. எனவேதான் இந்நோயின் முதன்மையான விளைவுகள் இரண்டாக அமைகின்றன.

முதலாவது, பித்தநாளங்கள் நெருக்கப்பட்டும் அழிந்தும் பித்தநீர் தேங்குதல். இதனால் உடல் அரிப்பு, மஞ்சள்காமாலை, கொழுப்பில் கரையும் வைட்டமின்களின் குறைபாடு ஆகியவை உண்டாகலாம்.

இரண்டாவது, போர்ட்டல் சிரையின் கிளைகள் நெருக்கப்பட்டு, அச்சிரையினுள் இரத்த அழுத்தம் உயர்தல். இது போர்ட்டல் சிரை மிகை அழுத்தம் எனப்படும். கையில் பட்டை கட்டி அளக்கும் பொதுவான இரத்த அழுத்தத்துடன் இதற்குத் தொடர்பில்லை. அந்த அளவு இயல்பாக இருக்கும்போதே போர்ட்டல் சிரையில் அழுத்தம் மிகுந்திருக்கக்கூடும்.

அறிகுறிகள்

பெரும்பாலானோருக்குக் கல்லீரல் சார்ந்த அறிகுறி எதுவும் இராது. வேறு காரணத்திற்காகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ மாறுபாடு தெரிவதே முதல் தடயமாக அமைகிறது. அறிகுறிகள் தோன்றினால் அவை பின்வருமாறு இருக்கலாம்:

• மேல் வயிற்றின் வலப்புறத்தில் மந்தமான வலி அல்லது பாரம்
• நீடித்த சோர்வு, பசியின்மை, உடல் எடை குறைதல்
• விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் மிகுதியான வியர்வை
• தோலில் தடிப்பு எதுவுமின்றி உடல் முழுவதும் அரிப்பு
• கண்களும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல்
• இடப்புற விலா எலும்புகளுக்குக் கீழே கனத்தல், சிறிது உண்டாலே வயிறு நிரம்பிய உணர்வு (மண்ணீரல் வீக்கத்தால்)

நீடித்த வறட்டு இருமல், மூச்சுத்திணறல், கண் சிவந்து வலித்தல், பார்வை மங்கல், முன்கால்களில் வலியுடன் கூடிய சிவந்த கணுக்கள் ஆகியவை உடன் இருந்தால், அவற்றையும் மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும். வயிற்று மருத்துவரிடம் இருமலைக் கூறுவது பொருத்தமற்றதெனப் பலர் எண்ணி விட்டுவிடுகின்றனர். ஆனால் இந்நோயைக் கண்டறிய உதவும் முக்கியத் தடயம் வயிற்றுக்கு வெளியேதான் பெரும்பாலும் கிடைக்கிறது.

பிற வயிற்று உறுப்புகள்

மண்ணீரல்: கல்லீரலுக்கு அடுத்தபடியாக வயிற்றில் மிகுதியும் பாதிக்கப்படும் உறுப்பு இதுவே. மண்ணீரல் பெரிதும் வீங்கினால் இரத்த அணுக்கள் அதனுள் தேங்கி அழிவதால், தட்டணுக்களும் வெள்ளணுக்களும் குறையலாம். ஸ்கேனில் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிறுசிறு புள்ளிகள் பல தென்படுவதுண்டு.

நிணநீர்க் கணுக்கள்: வழக்கில் நெறி கட்டுதல் எனப்படும் வீக்கம் வயிற்றுக்குள்ளும் ஏற்படலாம். வெளியே தெரியாத இக்கணுக்கள் ஸ்கேனில் புலப்படும்போது, நிணநீர்ப் புற்றுநோயோ காசநோயோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

இரைப்பையும் குடலும்: இவை பாதிக்கப்பட்டு அறிகுறி தோன்றுவது மிக அரிது. அவ்வாறு நேரும்போது இரைப்பையே பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. வயிற்று வலி, குமட்டல், வாந்தி ஆகியவை உண்டாகலாம். இரைப்பை உட்சுவர் தடித்தோ புண்ணாகியோ காணப்படலாம்.

கணையம், வயிற்று உள்ளுறை: இவற்றின் பாதிப்பும் அரிதே. கணையத்தில் கட்டி போலத் தோன்றிப் புற்றுநோயென ஐயுறச் செய்வதுண்டு.

சிறுநீரகமும் சுண்ணாம்புச் சத்தும்: கிரானுலோமாவில் உள்ள அணுக்கள், வைட்டமின் டி-யை அதன் செயல்மிகு வடிவமாக மாற்றும் திறன் பெற்றவை. உடலின் வழக்கமான கட்டுப்பாட்டுக்கு அவை உட்படுவதில்லை. இதனால் குடல் மிகுதியான கால்சியத்தை உறிஞ்சி, இரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவு உயரலாம். மலச்சிக்கல், வயிற்று வலி, மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சிறுநீரகக் கற்கள் ஆகியவை இதன் வெளிப்பாடுகள். மூட்டு வலிக்கும் சோர்வுக்கும் வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உண்ணும் வழக்கம் பரவலாக இருப்பதால், சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் இதில் சிறப்பாகக் கவனம் கொள்ள வேண்டும். மருத்துவர் பரிசோதித்துப் பரிந்துரைத்தாலன்றி இம்மாத்திரைகளை உட்கொள்ளக் கூடாது.

நோயைக் கண்டறிதல்

சார்காய்டோசிஸை உறுதிப்படுத்தும் தனி ஒரு பரிசோதனை இல்லை. நோயின் தன்மைக்குப் பொருந்தும் அறிகுறிகளும் ஸ்கேன் முடிவுகளும் இருத்தல், திசுவில் கிரானுலோமா காணப்படுதல், அதே தோற்றத்தைத் தரும் பிற நோய்கள் இல்லையென உறுதிசெய்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் முடிவுக்கு வர இயலும்.

இரத்தப் பரிசோதனை: கல்லீரல் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், காமா ஜிடி ஆகிய நொதிகள் உயர்ந்திருப்பதே பொதுவான மாற்றம். வைரஸ் கல்லீரல் அழற்சியில் பெரிதும் உயரும் நொதிகள் இந்நோயில் ஓரளவே உயரும். இரத்த ஏஸ் அளவு பலரிடம் கூடியிருக்கும். எனினும் பிற நோய்களிலும் அது கூடலாம், சார்காய்டோசிஸ் இருந்தும் கூடாமலிருக்கலாம். எனவே அந்த ஓர் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை.

படப் பரிசோதனைகள்: வயிற்று அல்ட்ராசவுண்ட், சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ ஆகியவை உறுப்புகளின் வீக்கத்தையும் புள்ளிகளையும் காட்டும். மார்பு எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேனும் இன்றியமையாதது. பெட் ஸ்கேனில் கிரானுலோமாக்கள் ஒளிர்வதால், புற்றுநோய் பரவியது போன்ற தோற்றம் கிடைக்கலாம். அதனை மட்டும் கொண்டு புற்றுநோய் என்று முடிவு கட்டலாகாது.

திசுப் பரிசோதனை: பயாப்சி எனப்படும் இப்பரிசோதனைக்குக் கல்லீரலிலிருந்துதான் திசு எடுக்க வேண்டும் என்பதில்லை. தோலிலோ வெளிப்புற நிணநீர்க் கணுவிலோ பாதிப்பு இருந்தால், எளிதில் அணுகக்கூடிய அவ்விடத்திலிருந்தே எடுக்கலாம். மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி மார்பின் கணுக்களிலிருந்து எடுப்பதும் உண்டு. கல்லீரலில் மட்டும் கிரானுலோமா காணப்பட்டால், சார்காய்டோசிஸ் என உடனே கூறிவிட முடியாது. காசநோய், தொழுநோய், புருசெல்லா தொற்று, பூஞ்சைத் தொற்று, சில மருந்துகள், நிணநீர்ப் புற்றுநோய், பித்தநாளங்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஆகியவற்றிலும் கல்லீரலில் கிரானுலோமா உண்டாகும்.

காசநோயா, சார்காய்டோசிஸா?

இந்தியாவில் காசநோய் பரவலாக உள்ளமையால், இக்கேள்வி இங்குத் தனி முக்கியத்துவம் பெறுகிறது. காய்ச்சல், எடை குறைதல், இருமல், நெறி கட்டுதல், திசுவில் கிரானுலோமா என அனைத்தும் இரு நோய்களுக்கும் பொதுவானவை. ஆனால் சிகிச்சைகளோ ஒன்றுக்கொன்று எதிரானவை.

சார்காய்டோசிஸுக்கு முதன்மை மருந்தான ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது. கண்டறியப்படாத காசநோய் உள்ளவருக்கு அதனை மட்டும் கொடுத்தால் காசநோய்க் கிருமி பெருகி உடலெங்கும் பரவலாம். மறுபுறம், சார்காய்டோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தால் மூல நோய் குணமாகாமல் நீடிப்பதோடு, அம்மருந்துகளுள் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகியவை ஏற்கெனவே நலிந்த கல்லீரலை மேலும் பாதிக்கக்கூடும்.

வேறுபாட்டைக் காண உதவுபவை சில உள்ளன. காசநோய்க் கிரானுலோமாவின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போன்று சிதைந்திருப்பது வழக்கம்; சார்காய்டோசிஸில் பொதுவாக அச்சிதைவு இராது. தோலில் செய்யப்படும் டியூபர்குலின் பரிசோதனை, காசநோய்க் கிருமியுடன் தொடர்பு கொண்டிருந்த சார்காய்டோசிஸ் நோயாளிகளிடமும் பெரும்பாலும் எதிர்மறையாகவே அமையும். எடுக்கப்பட்ட திசுவைக் கிருமி வளர்ப்புக்கும் மரபணு அடிப்படையிலான விரைவுப் பரிசோதனைக்கும் அனுப்புவது மிகவும் பயன்தரும். ஆகவே, திசு எடுக்கும்போதே ஒரு பகுதியை ஃபார்மலின் திரவத்தில் இடாமல் இப்பரிசோதனைகளுக்கென ஒதுக்க வேண்டும். ஃபார்மலினில் இட்ட திசுவில் கிருமியை வளர்க்க முடியாது. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ்க் காசநோய்ப் பரிசோதனைகளும் மருந்துகளும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

பரிசோதனைகள் முடிவடையச் சில வாரங்கள் ஆகலாம். கிருமி வளர்ப்பு முடிவுக்குக் காத்திருக்கும் அக்காலம் வீணானதன்று என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் உணர்தல் வேண்டும்.

சிக்கல்கள்

போர்ட்டல் சிரை மிகை அழுத்தம்: வயிற்று சார்காய்டோசிஸின் மிக ஆபத்தான சிக்கல் இதுவே. அழுத்தம் உயரும்போது, இரத்தம் மாற்று வழி தேடி உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் சிரைகளுக்குள் பாய்கிறது. அதனால் புடைத்துப்போன சிரைகள் வெடித்தால் கடும் இரத்தப்போக்கு ஏற்படும். பிற கல்லீரல் நோய்களில் இந்நிலை பெரும்பாலும் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்திற்குப் பின்னரே வருகிறது. சார்காய்டோசிஸிலோ, கிரானுலோமாக்கள் சிரைக் கிளைகளையே நெருக்குவதால், சிரோசிஸ் இல்லாமலும் வரலாம். அல்புமின் அளவும் இரத்தம் உறையும் நேரமும் இயல்பாக உள்ள ஒருவருக்கும் இரத்த வாந்தி ஏற்படக்கூடும் என்பது இதன் பொருள். தட்டணுக்களின் எண்ணிக்கை 1.5 லட்சத்திற்குக் கீழ் தொடர்ந்து குறைந்துவருவதும், ஸ்கேனில் மண்ணீரல் பெரிதாகிக்கொண்டே போவதும் இதற்கான முன்னெச்சரிக்கைகளாகும்.

நாட்பட்ட பித்தநீர்த் தேக்கம்: நுண் பித்தநாளங்கள் படிப்படியாக அழிவதால் தீராத அரிப்பும் மஞ்சள்காமாலையும் உண்டாகின்றன. வைட்டமின் குறைபாட்டால் எலும்பு நலிவும் ஏற்படலாம்.

சிரோசிஸ்: கல்லீரலின் தழும்பு பெருகி இறுகும் நிலை. சிறுபான்மையினருக்கே ஏற்படுகிறது. வயிற்றில் நீர் கோத்தல், கால் வீக்கம், மனக் குழப்பம், தொற்றுகள் ஆகியவை தொடரலாம்.

இரத்தக் குழாய் அடைப்பு: போர்ட்டல் சிரையிலோ கல்லீரலிலிருந்து வெளியேறும் சிரைகளிலோ இரத்தம் உறைந்து அடைப்பு உண்டாவது அரிதாக நிகழ்கிறது. திடீர் வயிற்று வலியும் விரைவான வயிற்று வீக்கமும் இதன் அடையாளங்கள்.

சிகிச்சை

அறிகுறி இல்லாமல், நொதிகள் சற்றே உயர்ந்துள்ளவர்களுக்கு மருந்து தேவைப்படாமல் போகலாம். அவர்களுக்குரியது முறையான கண்காணிப்பு. ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள் நோயைவிடக் கூடுதல் தீங்கு தரும் நிலையில் அதனைத் தொடங்காமலிருப்பதே தக்க சிகிச்சை.

பித்தநீர்த் தேக்கமும் அரிப்பும் உள்ளவர்களுக்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலம் கொடுக்கப்படுகிறது. அறிகுறிகள் மிகும்போதும் கல்லீரல் பாதிப்பு முன்னேறும்போதும் பிரெட்னிசலோன் எனும் ஸ்டீராய்டு தொடங்கப்பட்டு, மெல்ல மெல்ல அளவு குறைக்கப்படுகிறது. பெரும்பாலோரிடம் நொதி அளவுகள் இதனால் சீரடைகின்றன. ஆனால் ஏற்கெனவே உருவான தழும்பை ஸ்டீராய்டால் நீக்க இயலாது. உயர்ந்துவிட்ட போர்ட்டல் சிரை அழுத்தமும் பெரும்பாலும் தணிவதில்லை. இரத்தப் பரிசோதனை சீரானபின்னும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுமாறு மருத்துவர் வலியுறுத்துவது இதனாலேயே.

ஸ்டீராய்டு பயனளிக்காதபோதும், அதன் அளவைக் குறைக்க வேண்டியபோதும் அசதயோபிரின், மெதோட்ரெக்சேட், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. மெதோட்ரெக்சேட் கல்லீரலைப் பாதிக்கக்கூடியதாகையால் மிகுந்த கண்காணிப்புத் தேவை. கருவுற்றிருப்போரும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் அதனை உட்கொள்ளலாகாது. இவ்வகைச் சிகிச்சையைத் தொடங்குமுன் காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் பரிசோதனை செய்யப்பட வேண்டும். உடலில் உறங்கும் அக்கிருமிகள் எதிர்ப்பாற்றல் தணியும்போது விழித்தெழக்கூடும்.

புடைத்த சிரைகள் இருந்தால், அழுத்தத்தைக் குறைக்கும் புரோபிரனோலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளோ, எண்டோஸ்கோப்பி வழியே சிரைகளுக்கு வளையமிடும் முறையோ இரத்தப்போக்கைத் தடுக்க உதவும். கல்லீரல் முற்றிலும் செயலிழந்த சிலருக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. புதிய கல்லீரலிலும் சார்காய்டோசிஸ் மீளத் தோன்றலாம். எனினும் அதனால் அக்கல்லீரலை இழக்க நேர்வது அரிது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

• மருத்துவர் கூறிய இடைவெளியில் கல்லீரல் பரிசோதனை, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கால்சியம் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். முந்தைய முடிவுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு நாளின் அளவைவிட, காலப்போக்கில் ஏற்படும் மாற்றமே மருத்துவருக்கு மிகுதியாக உணர்த்தும்.
• வயிற்றில் மட்டுமே தொல்லை இருந்தாலும் கண் பரிசோதனையும் இதய மின்வரைபடமும் செய்துகொள்ளுங்கள்.
• ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் உட்கொண்டபின் ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.
• மதுவை முற்றிலும் தவிருங்கள்.
• வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணாதீர்கள். புடைத்த சிரைகள் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்றவை இரத்தப்போக்கைத் தூண்டலாம்.
• மஞ்சள்காமாலை என்பது ஓர் அறிகுறியே. அதற்குப் பல காரணங்கள் உண்டு. கீழாநெல்லி முதலிய மூலிகைகளையோ பெயர் தெரியாத பொடிகளையோ உட்கொண்டு, பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஏதேனும் உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.
• தடுப்பூசிகள் குறித்து, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சிகிச்சையைத் தொடங்குமுன்பே கேட்டறியுங்கள். அச்சிகிச்சைக் காலத்தில் உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் போன்ற கருமையான வாந்தி
• தார் போன்று கறுத்த, பிசுபிசுப்பான மலம்
• மனக் குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்க மயக்கம், பேச்சுக் குழறல்
• வயிறு விரைவாக வீங்குதல், காய்ச்சலுடன் வயிற்று வலி
• புதிதாகத் தோன்றிய மஞ்சள்காமாலை
• நெஞ்சுப் படபடப்புடன் மயங்கி விழுதல்

இவற்றுள் எது நேர்ந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. 108 அவசர ஊர்தியை அழைத்து, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்வது நலம். இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வோருக்கு மலம் கறுத்திருப்பது இயல்பே. ஆயினும் தலைச்சுற்றலும் சோர்வும் உடன் இருந்தால் இரத்தப்போக்காகவே கருதிச் செயற்பட வேண்டும்.

நோயின் போக்கு

கல்லீரல் சார்காய்டோசிஸ் உள்ள பெரும்பாலோர் இயல்பான வாழ்க்கையை நடத்துகின்றனர். சிக்கல்களுக்கு உள்ளாகும் சிறுபான்மையினர் யாவர் என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்தறிவது கடினம். அவர்களை உரிய காலத்தில் இனங்காண உதவுவது, நலமாக உணரும் நாட்களிலும் தவறாமல் செய்துகொள்ளும் பரிசோதனையே ஆகும்.

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. மருந்துகளைத் தொடங்கவும் மாற்றவும் நிறுத்தவும் தகுதி பெற்ற மருத்துவரை அணுகவும்.